கோடியக்கரை மேட்டிலிருந்து எவ்வளவு தூரம் தெரியும்?



பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை என்பது பாடப் புத்தகத்தில் பார்த்த பொருள்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு. மேடு என்று சொல்லிக்கொள்ள ஏரிக்கரையை விட்டால் வேறொன்றும் கிடையாது. இப்படிப்பட்ட சமவெளியில், காட்டு மேட்டில் ஏறி நின்று கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் எங்கே போவது?

கோடியக்கரைக்குப் போகலாம். முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, வேதாரணியம் வழியாகச் சென்றால், தெற்கே இறங்கி வரும் சோழமண்டலக் கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனையை அடைவோம். கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் நீரிணை. இடையில் ஒரு காடு. 1967ஆம் ஆண்டு இது வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வெளிமான்கள் இங்கே கூட்டமாக மேய்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. இந்தக் காட்டின் மிக உயர்ந்த இடம் 'இராமர் பாதம்' என்ற மணல்மேடு. மேடை ஒன்றில் இரண்டு பாதச் சுவடுகள் பொறித்த கல் இருக்கிறது.

ஒருமுறை என் மாணவர்கள் சிலரோடு அந்த மேட்டில் நின்றேன். மலை ஏறிப் பழகியவர்கள் இதை மேடு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் சமவெளிக்காரர்களாகிய எங்களுக்கு அதுவே பெரிய உயரமாக இருந்தது. ஒரு மாணவன் கேட்டான்: "சார், இங்கேயிருந்து பார்த்தால் இலங்கை தெரியுமா?"

இன்னொருவன் மல்லிப்பட்டினத்தைச் சேர்ந்தவன். மீனவர் வீட்டுப் பிள்ளை. அவன் கேள்வியைத் திருப்பிப் போட்டான்: "கடலிலிருந்து வருகிறவர்களுக்கு நம் கரை எங்கே தெரிய ஆரம்பிக்கும், சார்?"

இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் விடை ஒன்றே. அதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

பார்வை எங்கே முடிகிறது?

வானமும் கடலும் தொட்டுக்கொள்வதுபோல் தோன்றும் கோட்டைத் தொடுவானம் என்கிறோம். அங்கே கடல் முடிந்துவிடவில்லை. பூமி உருண்டை, அதனால் கடலின் பரப்பு நம் பார்வைக்குக் கீழே வளைந்து இறங்கிவிடுகிறது.

ஒரு தாளில் பெரிய வட்டம் வரையுங்கள். அதுதான் பூமி. வட்டத்துக்குச் சற்று வெளியே ஒரு புள்ளி வையுங்கள். அது உங்கள் கண். அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்கு ஒரு தொடுகோடு வரையுங்கள். கோடு வட்டத்தைத் தொடும் இடம்தான் தொடுவானம். இனி வட்டத்தின் மையத்தைக் கண்ணோடும் தொடுபுள்ளியோடும் சேருங்கள். தொடுபுள்ளியில் ஆரமும் தொடுகோடும் செங்கோணத்தில் சந்திக்கின்றன அல்லவா? ஆகவே நமக்குக் கிடைப்பது செங்கோண முக்கோணம். பிதாகரஸ் தேற்றத்தின்படி,

தூரம்² = (ஆரம் + உயரம்)² − ஆரம்²

விரித்து எழுதினால்,

தூரம்² = (2 × ஆரம் × உயரம்) + உயரம்²

பூமியின் ஆரம் ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர். கண்ணின் உயரம் 5 மீட்டர், அதாவது 0.005 கிலோமீட்டர் என்று கொள்வோம். முதல் உறுப்பு 64. இரண்டாவது உறுப்பு 0.000025. இரண்டாவதை விட்டுவிட்டால் நட்டமில்லை. உயரத்தை மீட்டரிலும் தூரத்தைக் கிலோமீட்டரிலும் எழுதினால் சூத்திரம் எளிதாகிவிடும்:

தூரம்² = 12.8 × உயரம்

இப்போது கணக்கிடுவோம். முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்கிறீர்கள். கண் நீர்மட்டத்திலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொடுவானம் 4 கிலோமீட்டரில். கண் 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் 8 கிலோமீட்டர். 20 மீட்டரில் 16 கிலோமீட்டர். 45 மீட்டரில் 24 கிலோமீட்டர். 80 மீட்டரில் 32 கிலோமீட்டர்.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பார்வைத் தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். மலை உச்சியில் நிற்பவர் இன்னும் 5 மீட்டர் ஏறினால் அவருக்குக் கிடைப்பது சொற்பமே. கரையில் நிற்பவருக்கோ முதல் சில மீட்டர்களிலேயே தொடுவானம் இரண்டு மடங்கு விலகிவிடுகிறது. சமவெளியில் சிறு மேடும் பெரிய செல்வம் என்பது இதனால்தான்.

இலங்கை தெரியுமா?

கோடியக்கரை முனையிலிருந்து யாழ்ப்பாணத்து வடகரை நேர்கோட்டில் சுமார் 55 கிலோமீட்டர். அந்தக் கரை தெரிய எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும்? 55ஐ 55ஆல் பெருக்கி 12.8ஆல் வகுங்கள். சுமார் 236 மீட்டர் வருகிறது. நம் மணல்மேட்டுக்கு அது எட்டாத உயரம்.

எதிர்க்கரையில் உயர்ந்த மலை இருந்தால் அதன் உச்சியாவது தெரியாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 5 மீட்டர் உயரக் கண்ணுக்குத் தொடுவானம் 8 கிலோமீட்டர். மீதி 47 கிலோமீட்டருக்கு அப்பால் தலை காட்ட வேண்டுமானால் அந்த மலை சுமார் 173 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். யாழ்ப்பாணமும் நம் ஊரைப் போலத் தட்டையான நிலமே. ஆகையால் பகலில் இலங்கை தெரியாது. இரவில் தெற்கு வானத்தில் மங்கலான வெளிச்சம் தெரிந்தால், அது கரை விளக்குகளின் ஒளி மேலே சென்று காற்றிலுள்ள துகள்களில் பட்டுச் சிதறி வருவது, விளக்குகளே தெரிவதன்று.

கடலிலிருந்து கரை தெரிவது

இனி மல்லிப்பட்டினத்து மாணவனின் கேள்விக்கு வருவோம். கரையில் 45 மீட்டர் உயரத்தில் ஒரு விளக்கு எரிவதாகக் கொள்வோம். விளக்கின் தொடுவானம் 24 கிலோமீட்டர். படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் 1.25 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருடைய தொடுவானம் 4 கிலோமீட்டர். இரண்டு தொடுவானங்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் விளக்கு அவர் கண்ணில் படும். அதாவது 24 + 4 = 28 கிலோமீட்டரில். அதற்கு ஒரு கிலோமீட்டர் அப்பால், விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் அவருக்கு நேராகத் தெரியாது. கலங்கரை விளக்கத்தை உயரமாகக் கட்டுவதன் காரணம் இதுதான். ஒளியின் வலிமை பனியையும் புகையையும் வெல்லலாம். பூமியின் வளைவை வெல்ல உயரம் ஒன்றே வழி.

'வேதாரணியம் விளக்கழகு' என்பது நம் பக்கத்துச் சொல்வழக்கு. கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் வெகுகாலம் நின்றது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில் அது சிதைந்தது. கடலில் போகிறவர்களுக்குக் கரையில் ஓர் உயரம் வேண்டும் என்பதை நம் முன்னோர் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

ஒரு சிறு திருத்தம். கடல்மட்டத்தில் காற்று அடர்த்தியாகவும் மேலே போகப்போக அடர்த்தி குறைந்தும் இருக்கிறது. அதனால் ஒளிக்கதிர் ஒளிவிலகல் அடைந்து, பூமியின் வளைவை ஒட்டிச் சற்று வளைந்து வருகிறது. இதனால் பார்வைத் தூரம் பொதுவாக 8 சதவீதம் அளவுக்குக் கூடும். 28 கிலோமீட்டர் சுமார் 30 ஆகும். மாறாக, காற்றில் ஈரப்பதமும் தூசியும் மிகுந்தால், கணக்குப்படி தெரிய வேண்டியதும் தெரியாமல் போகும்.

மரங்கள் விழுந்தபோது

பகலில் படகுக்காரருக்கு வழிகாட்டுவது எது? கரையோரத் தோப்புகளும் கோபுரங்களும்தான். 20 மீட்டர் உயரத் தென்னந்தோப்பு ஒன்று, வானம் தெளிவாக இருந்தால், 16 + 4 = 20 கிலோமீட்டரில் தலை காட்டத் தொடங்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரணியத்துக்கு அருகே கரையைக் கடந்தது. கோடியக்கரைக் காட்டில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. தேங்காய் போயிற்று, நிழல் போயிற்று என்று நாம் வருந்தினோம். இயற்பியல் இன்னோர் இழப்பையும் காட்டுகிறது. 20 மீட்டர் தோப்பு விழுந்து 5 மீட்டர் புதர்தான் மிஞ்சியது என்றால், அந்த இடம் கடலிலிருந்து 8 + 4 = 12 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் தெரியும். எட்டுக் கிலோமீட்டர் அடையாளம் மறைந்துவிட்டது. துடுப்புப் போட்டு வருகிறவருக்கு அது ஏறத்தாழ இரண்டு மணி நேர உழைப்பு. இன்று பல படகுகளில் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி இருக்கிறது. ஆனால் கருவி பழுதானால் கண்தான் துணை. கரையில் வைத்து வளர்க்கும் ஒவ்வொரு மரமும் கடலில் இருப்பவருக்கும் பயன்படுகிறது.

இதைக் கேட்டதும் அந்த மாணவன் தன் நோட்டில் 12.8 என்று எழுதி வட்டமிட்டுக்கொண்டான். "அப்பாவிடம் கேட்டுச் சரிபார்க்கிறேன், சார்" என்றான். அறிவியலில் அதுதான் சரியான முறை.

உயரத்திலிருந்து பூமியை அளந்தவர்

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரூனி என்ற அறிஞர், இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டைக்கு அருகே ஒரு மலைமீது நின்றார். தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். மலையின் உயரத்தை முன்பே கணித்து வைத்திருந்தார். இவை இரண்டைக் கொண்டு பூமியின் ஆரத்தையே கணக்கிட்டார். நாம் ஆரத்தை வைத்துத் தூரம் கண்டோம். அவர் அதே முக்கோணத்தை எதிர்த் திசையில் பயன்படுத்தினார்.

நீங்களே செய்து பாருங்கள்

1. மல்லிப்பட்டினம் அருகே 1814ஆம் ஆண்டை ஒட்டி மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய மனோராவின் உயரம் சுமார் 23 மீட்டர். அதன் உச்சி, கண் 1.25 மீட்டர் உயரத்தில் உள்ள படகுக்காரருக்கு எவ்வளவு தூரத்தில் தெரியத் தொடங்கும்?

2. கடற்கரைக்குப் போகும்போது, விலகிச் செல்லும் படகு ஒன்றைக் கவனியுங்கள். முதலில் மறைவது படகின் உடலா, கொடிமரமா? ஏன்?

3. கிழக்குக் கரையில் சூரியன் உதிக்கும்போது, 20 மீட்டர் உயரத்தில் நிற்பவர் கரையில் நிற்பவரைவிடச் சுமார் 26 விநாடி முன்னதாகவே அதைப் பார்த்துவிடுவார். தூரத்தை ஆரத்தால் வகுத்தால் தொடுவானம் தாழும் கோணம் ரேடியனில் கிடைக்கும். சூரியன் ஒரு நிமிடத்தில் கால் பாகை நகர்கிறது. 26 விநாடி எப்படி வந்தது என்று கண்டுபிடியுங்கள்.

முதல் கணக்கின் விடை: சுமார் 21 கிலோமீட்டர். மற்ற இரண்டுக்கும் விடையை நீங்களே தேடுங்கள்.