ஆகஸ்ட்டைப் பார்த்து வீடு வாங்காதே

டிரியெஸ்டே,
நவம்பர் 20

அன்புள்ள கயலுக்கு,



நீ அனுப்பிய படங்களையும் புரோக்கர் கொடுத்த காகிதங்களையும் நானும் சித்தியும் நிதானமாகப் பார்த்தோம். குரோஷியாவின் இஸ்ட்ரியாவில், மோட்டோவுன் மலையடிவாரத்துக் கல்வீடு அழகாகத்தான் இருக்கிறது. பின்னால் ஒலிவ மரங்கள், முன்னால் மிர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கு. யாருக்குத்தான் பிடிக்காது? ஆனாலும் இந்த மாதம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இஸ்ட்ரியாவுக்கு இன்று இருக்கும் மவுசு சும்மா வந்ததில்லை. குரோஷியா 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2023 ஜனவரி 1 அன்று யூரோ நாணயமும், எல்லைச் சோதனையில்லாத ஷெங்கன் ஏற்பாடும் ஒன்றாக வந்தன. மியூனிக்கிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் காலையில் காரை எடுத்தால் சாயங்காலம் கடலில் கால் நனைக்கலாம். பூலாவில் முதலாம் நூற்றாண்டு ரோமானிய அரங்கம், போரெச்சில் 6ஆம் நூற்றாண்டு பசிலிக்காவின் மொசைக், உள்நாட்டுக் காடுகளில் டிரஃபிள் காளான், சிவப்பு மண்ணில் விளையும் எண்ணெயும் வைனும். 1.95 லட்சம் பேர் வாழும் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேல் பயணிகள் வருகிறார்கள். வந்தவர்களில் பலர் உன்னைப் போலவே, இங்கே நமக்கும் ஒரு வீடு இருந்தால் என்ன என்று நினைக்கிறார்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்?

நீ பார்த்ததைப் போன்ற கல்வீடுகள் ஏன் காலியாகக் கிடந்தன என்பதையும் தெரிந்துகொள். 1797 வரை இஸ்ட்ரியாவின் பெரும்பகுதி வெனிஸின் கையில் இருந்தது. பிறகு ஆஸ்திரியா, முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலி, 1947 உடன்படிக்கைக்குப் பின் யுகோஸ்லாவியா. அந்தக் கடைசி மாற்றத்தில் இத்தாலிய மொழி பேசிய குடும்பங்கள் பெரும்பாலும் ஊரை விட்டே போய்விட்டன. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் அர்ஜென்டினாவிலும் இருக்கிறார்கள். அந்த வரலாறு இன்னும் சொத்துப் பதிவேட்டில் உட்கார்ந்திருக்கிறது.

என் நண்பர் ஒருவர் வாங்க இருந்த வீட்டின் பதிவேட்டு நகலை நானே பார்த்தேன். அதில் மூன்று பாகம் இருக்கும்: முதலில் நிலத்தின் விவரம், அடுத்து உரிமையாளர்கள், கடைசியில் கடன், அடமானம் போன்ற வில்லங்கங்கள். வீடு ஒருவர் பெயரில் சுத்தமாக இருந்தது. முற்றமோ ஒன்பது பேர் பெயரில் 1/6, 1/24 என்று சிதறிக் கிடந்தது. அவர்களில் சிலர் உயிரோடு இருக்கிறார்களா என்றே விற்பவருக்குத் தெரியவில்லை. முற்றம் இல்லாமல் அந்த வீட்டு வாசலுக்கே போக முடியாது. நண்பர் விலகிக்கொண்டார்.

உன் காகிதங்களில் அந்தப் பதிவேட்டு நகலே இல்லை. வெறும் அளவை வரைபடம்தான் இருக்கிறது. நம்மூரில் பட்டா ஒன்று சொல்ல, பத்திரம் வேறொன்று சொல்வதைப் போல, அங்கேயும் நில அளவைத் துறைக் கணக்கும் நீதிமன்றப் பதிவேடும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. நகலில் ‘பிளோம்பா’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பார். இருந்தால், அந்தச் சொத்தின் மேல் இன்னும் முடிவாகாத மனு ஒன்று இருக்கிறது என்று பொருள். விற்பவருக்கும் புரோக்கருக்கும் சம்பந்தமில்லாத வக்கீல் ஒருவரை நீயே அமர்த்து. அட்வான்ஸை அங்கே ‘கபாரா’ என்பார்கள். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும், நீ பின்வாங்கினால் மொத்தமும் போய்விடும். அவசரப்படுத்துபவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

அடுத்தது பாஸ்போர்ட். ஜெர்மனியில் நிரந்தர வசிப்புரிமை இருந்தாலும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் இன்னும் இந்தியக் குடியுரிமைதான். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டவர் வாங்க, இரு நாடுகளுக்கிடையே பரஸ்பர உரிமை இருந்து, நீதி அமைச்சகமும் ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அந்த ஒலிவத் தோப்பு விவசாய நிலமாகப் பதிவாகியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. 2023 நடுவிலிருந்து ஒன்றியக் குடிமக்கள் விவசாய நிலம் வாங்கலாம், உங்களைப் போன்றவர்களுக்கு அந்த வழி திறக்கவில்லை. வக்கீலிடம் முதல் கேள்வியாக இதைக் கேள்.

செலவுக் கணக்கையும் முழுதாகப் போடு. பழைய வீடு என்றால் சொத்துரிமை மாற்ற வரி 3 சதவீதம். அதற்கு மேல் புரோக்கர், வக்கீல், நோட்டரி கட்டணங்கள். 2025 முதல் ஆண்டுதோறும் சொத்து வரியும் உண்டு, ஊரைப் பொறுத்துச் சதுர மீட்டருக்கு 0.60 முதல் 8 யூரோ வரை. அங்கேயே நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும், வருடத்தில் 10 மாதமாவது நீண்டகால வாடகைக்கு விடுபவர்களுக்கும் அந்த வரி கிடையாது. ஆளில்லாமல் கிடக்கும் வீடுகளில் ஆள் குடியேற வேண்டும் என்றுதான் அரசு இப்படி வைத்திருக்கிறது.

நீச்சல் குளம் கட்டினால் வார வாடகையிலேயே கடன் அடைந்துவிடும் என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருந்தாய். 2022 கோடையில் வறட்சி வந்தபோது இஸ்ட்ரியாவில் கார் கழுவவும் புல்வெளிக்குத் தண்ணீர் விடவும் தடை போட்டார்கள், கடற்கரை ஷவர்களைக்கூட மூடினார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குளத்தை நம்பிக் கடன் வாங்காதே.

கயல், இவ்வளவும் பணத்தைப் பற்றி. இதைவிட எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு. 2011க்கும் 2021க்கும் இடையில் குரோஷியாவின் மக்கள்தொகை சுமார் 4 லட்சம் குறைந்தது. பிறப்பு குறைந்தது ஒரு காரணம், இளைஞர்கள் வேலை தேடி உன் மியூனிக்குக்கும் அயர்லாந்துக்கும் போனது இன்னொரு காரணம். ஊரில் தங்க விரும்பும் ஆசிரியைக்கும் செவிலிக்கும் கடலோரத்தில் வீட்டு விலை எட்டுவதில்லை. ஹோட்டல்களில் பாத்திரம் கழுவ நேபாளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நீ வாங்கப் போகும் வீடு வருடத்தில் பதினோரு மாதம் பூட்டியே கிடந்தால், அந்தக் கிராமத்தில் ஒரு குடும்பம் குறைந்ததாகத்தான் அர்த்தம். வாங்கினால் போய் வாழ், இல்லாவிட்டால் வாழ்பவர்களுக்கு வாடகைக்குக் கொடு. அங்கே அண்டை வீட்டுக்காரியாக இருக்க மனமிருந்தால் மட்டும் வாங்கு.

அந்த மனம் இருக்கிறதா என்பதை ஆகஸ்ட் மாதக் கோடை விடுமுறை சொல்லாது. பிப்ரவரியில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள். அதே கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிப்போம். போரா என்னும் கடுங்குளிர்க் காற்று வீசும்போது அந்தக் கல்சுவருக்குள் எவ்வளவு குளிர்கிறது, மருந்துக்கும் பாலுக்கும் எவ்வளவு தூரம் போக வேண்டும், பேச யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால், பதிவேட்டு அலுவலகத்துக்கு நானே உங்களோடு வருகிறேன். தேதியை முன்கூட்டியே எழுது, சித்தி உன் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாள், அளவு கேட்கிறாள்.

அன்புடன்,
சித்தப்பா