வளர்ச்சி அட்டை

அங்கன்வாடியில் மாதந்தோறும் குழந்தைகளை எடைபோடுவர். பணியாளர் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் அதன் வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளியாகக் குறிப்பார். அட்டையின் கிடைக்கோட்டில் வயது மாதக் கணக்கிலும், செங்குத்துக் கோட்டில் எடை கிலோகிராமிலும் இருக்கும். பச்சைப் பட்டை இயல்பான எடையையும், மஞ்சள் எடைக்குறைவையும், ஆரஞ்சு கடுமையான எடைக்குறைவையும் காட்டும். ஆண்குழந்தைக்கும் பெண்குழந்தைக்கும் தனித்தனி அட்டைகள் உண்டு.

ஒரு பெண்குழந்தையின் எடை ஆறாம் மாதத்தில் 7 கிலோ எனக் கொள்வோம். அடுத்த மூன்று மாதங்களிலும் அது 7.1 கிலோவாகவே நிற்கிறது. புள்ளிகள் யாவும் பச்சைப் பட்டையில்தான் உள்ளன. குழந்தையும் சிரித்து விளையாடுகிறது. தாய்க்கு ஐயம் எழக் காரணமில்லை. ஆயினும் புள்ளிகளை இணைத்துப் பார்த்தால், ஏற வேண்டிய கோடு படுத்துக் கிடக்கிறது. எடை இவ்வாறே நின்றுவிட்டால், முதற்பிறந்தநாளைக் கடந்த சில வாரங்களில் அக்குழந்தை மஞ்சள் பட்டைக்குள் இறங்கிவிடும்.

ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பால் மட்டும் போதாது. மசித்த சோறு, பருப்பு, காய்கறி, முட்டை ஆகியவையும் வேண்டும். பல வீடுகளில் இவை தாமதமாகவே தொடங்கப்படுகின்றன. அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் எடையைத் தடுக்கும்.

டேவிட் மோர்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1950களில் நைஜீரியாவின் இமெசி-இலே என்னும் சிற்றூரில் பணியாற்றினார். அவர் அங்கு உருவாக்கிய அட்டையைத் தாயிடமே கொடுத்து வைத்தார். குழந்தையை நாள்தோறும் காண்பவள் அவளன்றோ?

இன்றைய அட்டையின் கோடுகளை உலகச் சுகாதார அமைப்பு 2006இல் வெளியிட்டது. இதற்காக ஆறு நாடுகளின் குழந்தைகள் ஆராயப்பட்டனர். இந்தியாவிலிருந்து தெற்கு தில்லிக் குழந்தைகள் இடம்பெற்றனர். இந்தியக் குழந்தைகள் பிறவியிலேயே குட்டையானவர்கள் என்று பலர் எண்ணியிருந்தனர். நல்ல உணவும் நலவாழ்வும் வாய்த்த தில்லிக் குழந்தைகளோ, நார்வே, பிரேசில் நாட்டுக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தனர்.

வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களின் அட்டை சிலவேளை பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது. புதிய ஊரில் வைக்கப்படும் புள்ளி தனித்து நிற்கும். குழந்தையின் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று அந்த ஒரு புள்ளியைக்கொண்டு எவராலும் கூற இயலாது.

பயிற்சி

ஓர் ஆண்குழந்தையின் எடை 6, 7, 8, 9ஆம் மாதங்களில் முறையே 7.2, 7.1, 7.4, 7.7 கிலோ. கட்டத்தாளில் புள்ளிகளைக் குறித்து இணைக்க. எந்த மாதத்தில் குழந்தை நோயுற்றிருக்கக்கூடும்? காரணத்தை இரண்டு வரிகளில் எழுதுக.