இருப்பை மூட்டையில் எண்ணாமல் நாளில் எண்ணுவோம்

மளிகைக் கடைக்காரரிடம் "சர்க்கரை எவ்வளவு இருப்பு?" என்று கேட்டால் "மூன்று மூட்டை" என்று உடனே சொல்லிவிடுவார். "அது எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டால் சற்று யோசிப்பார். இந்த இரண்டாவது கேள்விக்குத் தயாராக விடை வைத்திருப்பதே கொள்முதலில் பாதி வெற்றி.

இதை விளக்க நம் பிள்ளைகள் கணினியில் ஆடும் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2014-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் பெயர் 'பேனிஷ்ட்'. ஊரைவிட்டு விலக்கப்பட்ட சில குடும்பங்களை வைத்துப் புதிதாக ஓர் ஊரை உண்டாக்க வேண்டும். வயல், மீன்பிடிப்பு, வேட்டை ஆகியவற்றால் வரும் உணவு களஞ்சியத்தில் சேரும். அங்கே பணம் கிடையாது, போரும் கிடையாது. பசியும் குளிரும்தான் எதிரிகள்.

புதிதாக ஆடுபவர்கள் பலரும் ஒரே இடத்தில் தோற்கிறார்கள். களஞ்சியம் நிறைந்திருப்பதைப் பார்த்து வரிசையாக வீடுகளைக் கட்டிவிடுகிறார்கள். வீடு கிடைத்ததும் குடும்பங்கள் பெருகுகின்றன, குழந்தைகள் பிறக்கின்றன. குழந்தைகள் உண்பார்கள், உழைக்கச் சில ஆண்டுகள் ஆகும். களஞ்சியத்தில் அளவு பெரிதாகவே தெரியும், ஆனால் அது தாங்கும் நாள்கள் குறைந்திருக்கும். பற்றாக்குறை கண்ணில் பட்ட பிறகு புது வயல் போட்டாலும் அறுவடை வரை பசி காத்திருக்காது. உழைப்பவர்கள் பட்டினியால் இறக்க, விளைச்சல் இன்னும் குறைந்து ஊரே அழிந்துவிடும்.

இதே பாடம் திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலைக் கடைகளுக்கும் பொருந்தும். மலைக்கு மேற்கே உள்ள இவ்வூர் மற்ற நாள்களில் அமைதியான கிராமம். பௌர்ணமி வந்துவிட்டால் 14 கிலோமீட்டர் பாதை முழுவதும் மனிதத் தலைகள்தான். ஒரே இரவில் உண்ணும் வாய்கள் பன்மடங்காகின்றன. விளையாட்டில் ஆண்டுக்கணக்கில் நடப்பது இங்கே சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். ஒரு கடையில் சாதாரண நாளில் 10 கிலோ சர்க்கரை விற்கிறது, பௌர்ணமிக் கூட்டம் உள்ள நாளில் 50 கிலோ விற்கிறது என்று கொள்வோம். 50 கிலோ மூட்டை மூன்று இருந்தால் சாதாரண நாளில் 15 நாளைக்கு வரும். கூட்ட நாளில் 3 நாளைக்குத்தான் வரும். மண்டியில் சொல்லி 3 நாளில் சரக்கு வரும் என்றால், பாதுகாப்புக்கு 2 நாள் சேர்த்து 5 நாள் விற்பனைக்கான இருப்பு மிஞ்சியிருக்கும்போதே ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். சாதாரண வாரத்தில் அது 50 கிலோ. அந்த 5 நாளுக்குள் 2 கூட்ட நாள்கள் வந்தால் 130 கிலோ. கடை ஒன்றுதான், சரக்கும் ஒன்றுதான். ஆர்டர் கொடுக்க வேண்டிய அளவு மட்டும் மாறுகிறது.

மேலும் கவனிக்க வேண்டியவை:

1. பௌர்ணமித் திதி பெரும்பாலும் இரண்டு தேதிகளில் படரும். காலையில் தொடங்குகிறதா, இரவில் தொடங்குகிறதா என்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டுத்தான் எத்தனை நாள் கூட்டம் என்று முடிவு செய்ய வேண்டும்.

2. கூட்ட நாளில் போக்குவரத்து மாற்றப்படுவதால் சரக்கு வண்டி கடை வாசலுக்கு வர இயலாமல் போகலாம். எனவே கனமான சரக்கு முதல் நாளே இறங்கிவிட வேண்டும்.

3. பால், தயிர், வாழைப்பழம், ரொட்டி ஆகியவற்றுக்கு அந்த 2 நாள் பாதுகாப்பு இருப்பு கூடாது. மறுநாள் காலை ஊர் மீண்டும் கிராமமாகிவிடும், மிஞ்சியது கெட்டுப்போகும். கடனுக்கு வாங்கிய சரக்கு கெட்டாலும் கடன் கெடாது.

4. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை உள்ளது. பாக்குமட்டைத் தட்டு, காகிதப் பை போன்றவற்றையும் நாள் கணக்கில் இருப்பு வைப்பது அவசியம்.

5. கார்த்திகை தீபம் 10 நாள் திருவிழா. சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் அதிகம். இவற்றை மாதப் பௌர்ணமிக் கணக்கோடு கலக்காமல் தனியே எழுதி வைக்க வேண்டும்.

கணக்கு எழுதப் பெரிய பேரேடு தேவையில்லை. ஒரு நோட்டில் பௌர்ணமிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தொடக்க இருப்பு, வாங்கியது, விற்றது, மிஞ்சியது, கெட்டது என ஐந்து வரி எழுதினால் போதும். எந்நேரத்தில் எந்தச் சரக்கு தீர்ந்தது என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. தீர்ந்த பின் திரும்பிப்போன வாடிக்கையாளர் விற்பனைக் கணக்கில் வரமாட்டார். ஆண்டுக்கு 12 பௌர்ணமி, சில ஆண்டுகளில் 13. ஓராண்டு எழுதினால் நம் கடைக்கென்றே ஒரு பஞ்சாங்கம் கையில் இருக்கும்.

விளையாட்டில் ஊர் தத்தளிக்கும்போது ஆற்று வழியே வரும் வணிகரின் படகு கைகொடுக்கலாம். ஆனால் அது நாம் நினைத்த நேரத்தில் வராது. நமக்கோ பக்கத்துக் கடை இருக்கிறது. ஒருவரிடம் மிஞ்சும் சரக்கு இன்னொருவரிடம் தீர்ந்திருக்கும். அண்டைக் கடைக்காரர்கள் நான்கைந்து பேர் முன்கூட்டியே பேசி வைத்து, கைமாற்றாகக் கொடுத்து வாங்கினால் கெடும் சரக்கு குறையும், கடன் குறையும். நடந்து களைத்து வரும் அடியார்களும் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள்.