திடீர்த் தலைவலி: ஆம்புலன்ஸ் வரும்வரை

கேள்வி: பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் மாமியார், திடீரென்று "தலை வெடிக்குது" என்று உட்கார்ந்துவிட்டார், வாந்தியும் எடுத்தார். இப்படி நேர்ந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, மூளையைச் சுற்றி ஏற்பட்ட ரத்தக் கசிவாக இருக்கலாம். தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். ஸ்கேன் முடிவை எடைபோட மருத்துவருக்கு அது தேவை. ஆஸ்பிரின் கூடாது, கசிவு அதிகமாகும். காபி, தண்ணீர்கூட வேண்டாம். மயக்கம் வந்தால் புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா, கை தளர்கிறதா என்று கவனியுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். வலி குறைந்துவிட்டதே என்று மட்டும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.