பூட்டிவச்ச வீட்டு பாத்ரூம்: அக்கா சொல்றதைக் கேளுங்க

ஐப்பசி அடைமழை பிடிச்சா ஆரணியில தறிக்குழி ஓதம் ஏறிடும், பாவு நமுத்துப்போகும், வேலை மந்தம். அந்தச் சாக்குல வீட்டைப் பூட்டிட்டு சென்னை, பெங்களூருன்னு பிள்ளைங்க வீட்டுக்குப் போறவங்க, தை பொறக்கும்போதுதான் திரும்புறாங்க. கதவைத் திறந்ததும் பாத்ரூம் நாத்தம் மூக்கைத் துளைக்கும். உடனே ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா கொட்டுறது நம்ம பழக்கம். அதை மட்டும் பண்ணாதீங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும். 1915-ல உலகப்போர்ல படைவீரர்கள் மேல ஜெர்மனி திறந்துவிட்டது இதே வாயுதான். சின்ன பாத்ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு அதைச் சுவாசிச்சா நெஞ்சு அடைச்சிடும்.

நாத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு இல்லை. பேசினுக்குக் கீழே வளைஞ்ச குழாயில நிக்கிற தண்ணிதான் செப்டிக் டேங்க் வாயுவையும் கரப்பானையும் மேலே வரவிடாம மறிக்குது. சில வாரம் ஆளில்லைன்னா அது வத்திடும். குளிர் நாடுகள்ல கேரவன் வண்டியை நிறுத்திவைக்கிறவங்க, உறைஞ்சு குழாய் வெடிக்கும்னு கழிப்பறைத் தண்ணியை மொத்தமா வடிச்சிடுவாங்க. யூடியூப்ல பார்த்துட்டு நீங்களும் வடிச்சிடாதீங்க. நம்ம மார்கழியில எதுவும் உறையாது, காயத்தான் செய்யும்.

அதனால கிளம்புறதுக்கு முன்னாடி டாய்லெட் கிளீனர் போட்டு ஊறவச்சுத் தேய்ச்சு, நிறைய தண்ணி விட்டுக் கழுவுங்க. ஃபிளஷ் டேங்குக்கு வர்ற தண்ணியை அடைச்சு, டேங்கைக் காலி பண்ணிடுங்க. கடைசியா ஒரு வாளி நல்ல தண்ணி ஊத்தி, மேலே ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்க. எண்ணெய்ப் படலம் தண்ணி ஆவியாகறதைக் குறைக்கும். பேசின் வாயை பாலிதீன் போட்டு ஒட்டிடுங்க. செப்டிக் டேங்க் காத்துக்குழாய் வாயில நைலான் வலை கட்டியிருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க. கொசுவுக்கு அதுதான் வாசல்.

திரும்பி வந்ததும் விளக்கு, ஊதுவத்தி எதுவும் ஏத்தாதீங்க, உள்ளே செப்டிக் டேங்க் வாயு தேங்கியிருக்கலாம். ஜன்னலைத் திறந்துட்டு அரைமணி நேரம் திண்ணையில உட்காருங்க. அப்புறம் ஒரு வாளி தண்ணியை மெதுவா ஊத்துங்க. பாதி நாத்தம் அதுலயே போயிடும். தண்ணி தேங்குன தொட்டி, டிரம்மோட உட்சுவரை பிரஷ்ஷால தேய்ச்சே ஆகணும். டெங்கு கொசு முட்டை காய்ஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது.

கிருமிக்கு பிளீச்சிங் போதும்: லிட்டர் தண்ணிக்கு ஒரு பெரிய ஸ்பூன். பிளாஸ்டிக் வாளியில, வாசல்ல வச்சுக் கரைச்சு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஊத்தி, பத்து நிமிஷம் கழிச்சுக் கழுவுங்க. ஆசிட்டோ கிளீனரோ போட்ட அன்னிக்கு இது வேண்டாம். டப்பா டப்பாவா கொட்டினா செப்டிக் டேங்க்ல மலத்தை மக்கவைக்கிற நுண்ணுயிரும் செத்துடும்.

நெசவு வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். பிளீச்சிங் பட்டு நூலை அரிச்சே தின்னுடும், ஜரிகை வெள்ளியைக் கறுக்கவைக்கும். பவுடரைத் தறி இருக்கிற ரூம்ல வைக்காதீங்க. கை கழுவி, சேலை மாத்தின பிறகுதான் பாவைத் தொடணும்.

இத்தனைக்கும் அப்புறம் நாத்தம் அடங்கலைன்னா டேங்க் ரொம்பியிருக்கும். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீங்க. 14420-க்கு போன் பண்ணி, செப்டிக் டேங்க் கழிவை உறிஞ்சுற லாரியை வரவழைங்க. எவ்வளவு அவசரம்னாலும் ஆளை உள்ளே இறக்காதீங்க. கையால மலம் அள்ளுறதைத் தடைசெய்யுற 2013 சட்டப்படி அது குற்றம், இறங்குறவர் உயிரோட ஏறி வருவார்னு நிச்சயமும் இல்லை.