வீடியோக்களுக்கும் ஒரு பேரேடு

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்குப் புத்தகத்தின் அருமை நன்கு தெரியும். ஆனால் நம் ஊர் நினைவுகளின் விஷயத்தில் அதே கவனத்தைக் காட்டுகிறோமா என்று சற்றே சிந்திக்க வேண்டும்.

சுங்கை சிப்புட், தாப்பா வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் இன்று செம்பனையும் வீடுகளும் நிற்கின்றன. அங்கே பால் வெட்டியவர்களும், தோட்டங்களுக்குச் சாமான் கொடுத்துச் சம்பள நாளில் பற்று வசூலித்த நம் பெரியவர்களும் வயோதிகராகிவிட்டனர். பேரப்பிள்ளைகள் அவர்களுடைய பேச்சைப் பதிந்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். நல்ல காரியந்தான். ஆயினும் ஏற்றியதெல்லாம் பத்திரம் என்று எண்ணிவிடலாகாது. அது பிறர் கிடங்கில் வைத்த சரக்கு. மைஸ்பேஸ் தளத்தில் பல்லாண்டுகளாக மக்கள் ஏற்றிய பாட்டுகளும் வீடியோக்களும் இயந்திர மாற்றத்தில் அழிந்துபோன செய்தி 2019இல் வெளியாயிற்று. ஆகவே நமது பிரதி நம்மிடமும் இருத்தல் வேண்டும்.

முதலாவது, அனுமதி. நமது சானலின் வீடியோக்களை யூடியூப் ஸ்டூடியோ வழியாகவோ, கூகுள் டேக்அவுட் வழியாகவோ இறக்கிக்கொள்ளலாம். பிறருடையதை எடுப்பதற்கு உரியவரின் சம்மதமும், தள விதிகளின் இசைவும் தேவை. பிறர் பொருள் அமானிதம் அல்லவா?

இரண்டாவது, மூலப் பதிவு. ஸ்டூடியோவில் இறக்கும் பிரதி 720 வரித் தெளிவுக்கு மேல் வருவதில்லை. ஆதலால் பதிந்த கருவியிலுள்ள மூலப் படத்தை அழிக்கலாகாது.

மூன்றாவது, பேரேடு. ஒவ்வொரு வீடியோவுக்கும் பேசியவர், ஊர், தோட்டம், பதிந்த நாள், பொருள், கோப்பின் பெயர் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதுக. எந்த நிமிடத்தில் எதைப் பற்றிப் பேச்சு வருகிறதென்றும் குறித்திடுக. இலங்கைத் தமிழரின் ஏடுகளைக் காக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தார், ஆவணகம் என்ற தளத்தில் ஒலி, ஒளிப்பதிவுகளையும் இவ்வாறே விவரக் குறிப்புடன் வைத்திருக்கின்றனர்.

நான்காவது, தேடுதல். பேச்சு எழுத்தாக இருந்தால்தான் இணையம் இல்லாதபோதும் கம்ப்யூட்டரில் தேட முடியும். 2022இல் வெளியான விஸ்பர் என்ற மென்பொருள் தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கும். மலாய்ச் சொல் கலந்த இடங்களில் பிழை நேரும். கேட்டுத் திருத்த வேண்டும். "தோட்டம்" என்று தேடினால் "தோட்டத்தில்", "தோட்டத்துக்கு" என்பன அகப்படா. "தோட்ட" என்று தேடினால் யாவும் வரும். ஊர்ப் பெயரையும் ஒரே விதமாக எழுதுக. ஈப்போவை "இப்போ" என்று எழுதிவிட்டால், "இப்போ வருகிறேன்" என்று எவர் சொன்னதும் நம் ஊர்க் கணக்கில் சேர்ந்துவிடும்!

ஐந்தாவது, பிரதிகள். மூன்று பிரதி வேண்டும்; அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரப் படம் சுமார் ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கும்; ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் கொள்ளும். ஆண்டுக்கொருமுறை இருப்புக் கணக்கு எடுப்பது போல அவற்றைத் திறந்து சரிபார்க்க வேண்டும்.

செலவு சொற்பம். வேண்டியதெல்லாம் பொறுப்பேற்கும் இரண்டொரு வாலிபர்களும், வாரத்தில் சில மணி நேரமுமே. பெரியவர் ஒருவர் மறைந்தால் அவர் சொல்லைத் திரும்பக் கொள்முதல் செய்ய எந்தச் சந்தையும் இல்லை. ஆகவே இம்மாதமே பேரேட்டின் முதல் வரியை எழுதுவோமாக.