பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு எட்டு அறிவுரைகள்

கன்னிவாடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். நடுநிலைப்பள்ளி என்றால் எட்டு வரை. அதற்கு மேல் படிக்கப் பிள்ளை ஊர் தாண்டிப் போக வேண்டும். பல ஆண்டுகள் வாத்தியாராக இருந்து நான் கண்டது இது: படிப்பை விட்ட பிள்ளைகளில் அதிகம் பேர் வகுப்பு நடக்கும்போது விடவில்லை. ஒரு பள்ளி முடிந்து அடுத்த பள்ளி தொடங்கும் அந்த மே, ஜூன் மாதங்களில்தான் கைநழுவிப் போனார்கள். முதல் பிள்ளையை ஆறாம் வகுப்புக்கோ ஒன்பதாம் வகுப்புக்கோ அனுப்பப்போகும் உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. டி.சி.யைக் கையோடு வாங்குங்கள்.
ஆண்டுத் தேர்வு முடிந்ததுமே பழைய பள்ளியின் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். டி.சி. எனும் மாற்றுச் சான்றிதழ் இப்போது எமிஸ் என்ற கணினிப் பதிவு வழியாகத்தான் வருகிறது. அதில் பழைய பள்ளி பிள்ளையின் பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். ஆகவே தாளை வாங்கும்போதே, “எமிஸில் விடுவித்துவிட்டீர்களா?” என்றும் கேளுங்கள். எமிஸ் எண்ணைத் தனியாக ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

2. எல்லாத் தாளையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.
ஒரு ஜூன் மாதம், வெங்காயக் காட்டிலிருந்து நேராக ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நகக்கண்ணில் செம்மண் இருந்தது. மடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, டி.சி., பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு நான்கையும் மேசைமேல் வைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. “நீ படி தாயி” என்று மகளிடம் சொன்னேன். அவள் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறப்புச் சான்றிதழில் ஆகஸ்ட் 12. ஆதாரில் ஜூன் 1. அப்பா பெயர் ஒரு தாளில் முருகேசன், இன்னொன்றில் முருகேஷ். அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. நான் சொன்னேன்: “ஆறாம் வகுப்பில் கண்டுபிடித்தது நல்லதாப் போச்சும்மா.” பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்த அவர்களுக்கு நேரம் இருந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பிழை ஏறிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், சாதி என்ற ஐந்தையும் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

3. தாள் இல்லை என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.
2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. டி.சி. வரத் தாமதமானாலும், வயதுச் சான்று இல்லாவிட்டாலும் எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. நுழைவுத் தேர்வு வைக்கவும் கூடாது. கட்டணப் பாக்கிக்காகத் தனியார் பள்ளி டி.சி.யைப் பிடித்து வைத்திருக்கிறதா? பாக்கி வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சங்கடப்படாமல் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

4. அரசுச் சலுகைகளுக்கான கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது.
இதை எத்தனையோ பெற்றோர் பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரிந்துகொள்கிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே பொதுவான நிபந்தனை. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் பார்க்கிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாலும் அந்த 1000 ரூபாய் உண்டு, ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உதவி பெறும் பள்ளி சேராது. “ரெண்டு வருஷம் பிரைவேட்டில் போட்டுவிட்டு அப்புறம் மாற்றலாம்” என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

5. தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பதைப் பக்கத்து வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.
தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010-இல் வந்த சட்டத்தை 2020-இல் திருத்தி, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இடையில் மாறினால் அந்த உரிமை போய்விடும். அதோடு, ஐந்து வகுப்பு தமிழில் படித்த பிள்ளை ஆறாம் வகுப்பு அறிவியலைத் திடீரென்று ஆங்கிலத்தில் படிக்கும்போது வாய் மூடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

6. வழியை நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள்.
சேர்க்கைக்கு முன்பே ஒருநாள் காலை, பிள்ளை ஏற வேண்டிய பஸ்ஸில் நீங்களும் ஏறுங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, சாயங்காலம் எப்போது திரும்புகிறது, நிறுத்தத்திலிருந்து எவ்வளவு நடை என்று பாருங்கள். அரசுப் பேருந்தில் மாணவர்களுக்கு இலவச பாஸ் உண்டு. ஆடலூர், பன்றிமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தினமும் மலை இறங்கி ஏறுவது பெரும் பாரம். அவர்களுக்காக விடுதிக்கு மனுப் போடுங்கள். அரசு விடுதிகளில் தங்கலும் சாப்பாடும் இலவசம். சேர்க்கை அன்றே கேட்டுவிடுங்கள். தாமதித்தால் இடம் நிரம்பிவிடும்.

7. சான்றிதழ் வேலையை இப்போதே தொடங்குங்கள்.
சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டியவை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் அலுவலகம் என்று போய் வர நாளாகும். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் வரை போகும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரோடு இணையுங்கள். எட்டாம் வகுப்பில் நடக்கும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் அந்தக் கணக்குக்குத்தான் வரும். தரகரிடம் காசு கொடுக்காதீர்கள்.

8. சேர்த்ததோடு கடமை முடிந்துவிடவில்லை.
புதிய பள்ளியில் முதல் மாதம்தான் கடினம். வகுப்பில் தெரிந்த முகம் இருக்காது. வயிற்றுவலி, தலைவலி என்று பிள்ளை சொன்னால் அதட்டாமல் உட்கார்ந்து கேளுங்கள். வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவரே ஒரு பெற்றோர்தான். அந்தக் கூட்டத்துக்கு ஒருநாள் கூலியை விட்டாவது போங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்ததும் தெருவில் ஒருமுறை விசாரியுங்கள். ஐந்தோ எட்டோ முடித்துவிட்டு, “இந்த வருஷம் தம்பியைப் பார்த்துக்கட்டும்” என்று வீட்டில் நிறுத்தப்பட்ட பெண் பிள்ளை ஒருத்தி அநேகமாக இருப்பாள். அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். அவளுக்கும் அங்கே இடம் இருக்கிறது.